கேட்டவர்களின் பட்டியல்

இதில் ஒருவருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. பெயர் எழுதி நான் பட்டது ஒரு ஆயுளுக்குப் போதும்.

பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் பத்தொன்பது வருடமாக முன்மேசையில் இருக்கிறேன். பத்து மணிக்கு அப்பொயின்ற்மென்ற் எடுத்துவிட்டுப் பத்தேகாலுக்கு வந்து "ட்ரபிக்" என்று சொல்லும் முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனிதர்கள்மேல் இருந்த நம்பிக்கை பாதியாகிவிட்டது. யார் எத்தனை நிமிடம் பிந்தினார், யார் சொல்லாமல் வராமல் விட்டார் என்பதெல்லாம் என் கணினியில் சிவப்பு எழுத்தில் இருக்கும். வீட்டிலும் என் குணம் அதுதான். என் கணவர் கடைக்குப் போகும்போது எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேட்டால், பதில் சொல்ல முன்னர் ஒருமுறை யோசிப்பார்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் அந்த வேலையைக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்பதும் சரியில்லை. கேட்டு முடிக்க முன்னரே நான் கையைத் தூக்கிவிட்டேன்.

போன குளிர்காலத்தில் எங்கள் நகரத்தின் மோர்னிங்சைட் பகுதியில், ஒரு பிளாசாவின் அடித்தளத்தில் இருக்கும் சின்ன ஹோல் ஒன்றில், சனிக்கிழமைகளில் பெண்கள் கூடினோம். யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் என்று எங்கெங்கோ இருந்து வந்த முஸ்லிம் பெண்கள், முப்பத்தொரு பேர். எங்களுக்கு ஓதிக்கொடுக்க, மார்க்கக் கல்வி கற்ற ஒரு ஆலிமா வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். டமாஸ்கஸில் பல வருடம் படித்தவர். ஹதீஸ் என்றால் நபியவர்களின் சொல்லும் செயலும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி நாற்பது ஹதீஸ்கள் கொண்ட ஒரு சின்னக் கிதாபை, அதாவது புத்தகத்தை, பத்துச் சனிக்கிழமைகளில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அவர் வாசிப்பார், நாங்கள் கேட்க வேண்டும். அவ்வளவுதான் வகுப்பு. முழுவதும் கேட்டவருக்கு இஜாஸா கிடைக்கும். "இவர் என்னிடம் கேட்டார், நான் என் ஆசிரியரிடம் கேட்டேன், அவர் தன் ஆசிரியரிடம் கேட்டார்" என்று பின்னோக்கிப் போய் நபியவர்களிடம் முடிகிற ஒரு பெயர்ச் சங்கிலியும், அதை இன்னொருவருக்கு ஓதிக்கொடுக்க அனுமதியும் அந்தத் தாளில் இருக்கும்.

முதல் சனிக்கிழமை ஆலிமா பழைய நகரங்களைப் பற்றிச் சொன்னார். மதீனாவிலும் கூஃபாவிலும் பஸ்ராவிலும் அறிவு என்பது முதலில் காதில்தான் இருந்ததாம். ஒரு சொல்லைக் கேட்டவரின் வாயிலிருந்தே அதைக் கேட்பதற்காக ஒரு மாதம் பிரயாணம் செய்தவர்கள் இருந்தார்களாம். சொன்னவர் உண்மை பேசுகிறவரா, ஞாபகசக்தி உள்ளவரா, வயது போனபின் மாறாட்டம் வந்ததா என்று தேடித் தேடி விசாரித்து எழுதி வைத்தார்களாம். நாங்கள் "மாஷா அல்லாஹ்" என்று உருகினோம். உருகி முடிந்ததும் முதல் கேள்வியைப் பக்கத்து ஊரான விட்பியில் இருந்து வந்த ஒரு லாத்தா கேட்டார். மூத்த பெண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஆலிமா, அந்தச் சேர்ட்டிபிக்கேற் லெற்றர் சைஸா, லீகல் சைஸா? ஃபிரேம் இப்பவே ஓடர் பண்ணினா செயில்ல எடுக்கலாம்."

ஒரு மாதம் ஒட்டகத்தில் போனவர்களைப் பற்றிச் சொல்லிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த கேள்வி பார்க்கிங் பற்றியது.

ஆலிமா சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். பிற்காலத்தில் டமாஸ்கஸில் இப்படி ஒரு கிதாபை வாசிக்கும்போது, கேட்டவர்களின் பட்டியலைக் கிதாபின் கடைசிப் பக்கத்திலேயே எழுதி வைப்பார்களாம். யார் வந்தார், யார் எந்தப் பகுதியைத் தவறவிட்டார், யார் தூங்கினார், யார் பக்கத்தில் இருந்தவரோடு கதைத்தார் என்று எல்லாம் அதில் இருக்குமாம். நூற்றாண்டுகளுக்குப் பிறகும் இன்னார் தூங்கினார் என்று வாசிக்கலாமாம். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. நான் பிழையான நூற்றாண்டில் பிறந்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். பட்டியல் எழுத ஒருவர் வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை மேலே போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் இன்னும் ஏதோ சொன்னார். நான் பையைத் திறந்து பேனா தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றைய வாசிப்பிலிருந்தே கடைசி வரிசையில் ஓரக் கதிரையில் இருந்தேன். அங்கிருந்து முப்பது தலையும் தெரியும். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நல்ல கொப்பி, மூன்று நிறப் பேனா. பச்சைத் துப்பட்டி, எட்டு நிமிடம் பிந்தியது. முன்வரிசை சாம்பல் நிறக் கோட், ஆறாவது ஹதீஸ் தொடங்கி ஏழாவது முடியும்வரை உறக்கம், குறட்டை இல்லை. தூணுக்குப் பக்கத்தில் இருப்பவர், மேசைக்குக் கீழே போன், மூன்று தரம். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதினேன். வகுப்புக்கு முன்னர் சாப்பாடு போடுவார்கள். ஆட்டிறைச்சிப் பிரியாணிக்குப் பிறகு ஹதீஸ் கேட்க உட்கார்ந்தால் உறக்கம் வருவது மனித இயல்பு. மனித இயல்பை மன்னிப்பது என் வேலை இல்லை.

என் மகள் ஒருநாள் கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள்.

"உம்மா, திஸ் இஸ் சோ கிறிஞ்ச். நீங்க கேக்கப் போறீங்களா, இல்லாட்டி செக்கியூரிட்டி கமராவா போறீங்களா?"

நான் கொப்பியைப் பறித்து வைத்துக்கொண்டேன்.

அந்தப் பிரியாணியைச் சமைத்தவள் மன்னார்ப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். ஹோலுக்குப் பக்கத்திலேயே கிச்சின். நடுச்சுவரில் சாப்பாடு எடுத்துக் கொடுக்க ஒரு சதுர யன்னல். நாங்கள் சாப்பிட்டு எழுந்ததும் அவள் அந்தப் பக்கம் சட்டி பானை கழுவுவாள், வகுப்பு முடியக் கொடுக்கிற ரோல்ஸுக்கும் வடைக்கும் எண்ணெய் வைப்பாள். அடக்க ஒடுக்கமான பெண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இறைச்சி காணாது என்று சொன்ன ஒருத்தியிடம், "அப்ப வீட்டில இருந்து கொண்டு வந்திருக்கலாமே," என்று முகத்துக்கு நேரே கேட்டவள்.

மூன்றாம் சனிக்கிழமை வகுப்பு முடிய என்னிடம் வந்தாள்.

"லாத்தா, என்ர பேரையும் பட்டியல்ல எழுதுங்கோ."

"நீங்க வகுப்புக்கு ரெஜிஸ்ரர் பண்ணேல்லையே."

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். எல்லாம் இஞ்சால கேக்குது."

எதற்கு என்று கேட்டேன். சொன்னாள். அவள் இருக்கிற அபார்ட்மென்ற் கட்டடத்தின் கீழ் அறையில் ஞாயிறு ஞாயிறு பதினொரு சின்னப் பெண்பிள்ளைகள் ஓதுகிறார்கள். ஓதிக்கொடுத்த பெண் கல்யாணம் முடித்துத் தூரத்துக் கல்கரிக்குப் போய்விட்டாள். இப்போது ஒரு ரீவீயை வைத்து யாரோ ஒருவரின் வீடியோவைப் போட்டுவிடுகிறார்களாம். பிள்ளைகள் அதன் முன்னால் பபிள்கம் சப்பிக்கொண்டு இருக்கிறார்களாம். நான் செய்கிறேன் என்று இவள் கேட்டதற்கு, கட்டடக் கொமிற்றி பேப்பர் இருக்கிறதா என்று கேட்டதாம்.

"சமைக்கிறதுக்கு எனக்குச் சேர்ட்டிபிக்கேற் இருக்கு, லாத்தா. சோதினை எழுதிப் பாஸ் பண்ணினனான். ஓதிக் குடுக்கத்தான் ஒண்டும் இல்லை. என்ர ரெண்டு பிள்ளையளும் அதுக்குள்ள இருக்கினம். ரீவீயிட்ட ஓதி என்ன படிப்பினம்?"

எனக்கு விளங்காமல் இல்லை. இந்த நகரத்தில் பேப்பர் இல்லாமல் பெட்டி தூக்கும் வேலையும் கிடைக்காது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. ஹோலுக்குள் கதிரையில் இருப்பவர்களைத்தான் எழுத முடியும் என்று சொன்னேன். அப்படி யார் விதி போட்டது என்று கேட்டாள். நான் வேறு விஷயத்துக்குப் போனேன்.

"அது இருக்கட்டும், தங்கச்சி. நீங்க ஏன் கிச்சின் ஃபானைப் போடுறேல்லை? முழு மணமும் ஹோலுக்குள்ள வருது. எல்லாரும் என்னட்டத்தான் கொம்பிளெயின்."

"அது சத்தம், லாத்தா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பழுதான ஃபான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் முறைப்பாடு முறைப்பாடுதான். முதல் நாளிலிருந்து எழுதி வந்ததுபோலவே ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கத்தின் அடியில் "கிச்சின் ஃபான் போடப்படவில்லை. கறி மணம்" என்று சிவப்பில் எழுதினேன்.

ஏழாம் வாரம் மறுபடி வந்தாள். இந்த முறை குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"முதல் நாளே ஆலிமா சொன்னவ. அந்தக் காலத்தில வீட்டு வேலை செய்யிற ஆக்களின்ர பேரும், சின்னப் பிள்ளையளின்ர பேரும் பட்டியல்ல எழுதினவையாம். நீங்க கேக்கேல்லையோ?"

அப்படி ஒன்று சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. காரியம் ஆக வேண்டும் என்று கதை கட்டுகிறாள் என்று நினைத்தேன். பத்தொன்பது வருடம் முன்மேசையில் இருந்தவளுக்கா காது குத்துகிறாள்?

"அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. கடைசியில எனக்குத்தான் பேச்சு விழும். ஏலாது, தங்கச்சி."

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். அடுக்கிய சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தது.

பத்தாவது சனிக்கிழமை கிதாப் முடிந்தது. துஆ ஓதினோம். சில பெண்கள் அழுதார்கள். அதில் இரண்டு பேர் மொத்தத்தில் ஏழு ஹதீஸ்களை உறக்கத்தில் கடந்தவர்கள், எண்ணிக்கை என்னிடம் இருந்தது. ஆலிமா என் கொப்பியை வாங்கிப் பட்டியலைச் சபையில் வாசிக்கத் தொடங்கினார். டமாஸ்கஸிலும் அப்படித்தானாம். யாருக்காவது மறுப்பு இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டுமாம்.

மறுப்பு இருந்தது. முப்பது பேருக்கும் இருந்தது.

"நான் நித்திரை கொள்ளேல்லை. கண்ணை மூடிக் கேட்டனான்," என்றார் விட்பி லாத்தா. "போன்ல குர்ஆன் பார்த்தனான்," என்றாள் தூணுக்குப் பக்கத்துப் பெண். குர்ஆனுக்குள் சோபா செற் படமும் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன். ஒருத்தி நான் அவளுடைய கல்யாண வீட்டுக்கு அழைக்கப்படாத கோபத்தில் எழுதியதாகச் சொன்னாள். அந்தக் கல்யாணம் நடந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆலிமா எல்லாவற்றையும் கேட்டார். பட்டியலில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. இஜாஸா எல்லோருக்கும் உண்டு, ஆனால் தவறவிட்டது எதுவோ, ஏன் தவறியதோ, அது தாளிலேயே இருக்கும் என்றார். விட்பி லாத்தாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஃபிரேம் ஏற்கெனவே வந்து வீட்டில் இருந்தது. "ஒன்பதாம் ஹதீஸில் உறக்கம்" என்ற வரியை அவர் எந்தச் சுவரில் மாட்டுவார்?

நான் உள்ளுக்குள் ஒரு பெரிய விருந்து சாப்பிட்டதுபோல் இருந்தேன். முப்பத்தொரு பேரில் குறை ஒன்றும் இல்லாத ஒரே பெயர் என்னுடையது.

அப்போது ஆலிமா கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எழுதினவவுக்கு ஆர் சாட்சி?"

எனக்கு விளங்கவில்லை.

"மற்றவைக்கு நீங்க சாட்சி. உங்களுக்கு நீங்களே சாட்சி சொல்ல ஏலாது. இவ கேட்டவ எண்டு ஒராள் சொல்ல வேணும்."

நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி பையின் சிப்பைச் சரிபார்த்தாள், இன்னொருத்தி மேலே லைற்றைப் பார்த்தாள். பத்து வாரம் நான் கண்வைத்திருந்த முப்பது தலைகளில் ஒன்றாவது என் பக்கம் திரும்பவில்லை.

"நான் பார்த்தனான்," என்ற குரல் யன்னலுக்கு அப்பாலிருந்து வந்தது. மன்னார்ப் பெண் ஈரக் கையோடு நின்றாள்.

ஆலிமா அவளைப் பார்த்தார். "நீங்க கேட்டிருந்தால்தான் இன்னொராளுக்குச் சாட்சி சொல்லலாம். அதுக்குள்ள நிண்டு உங்களுக்குக் கேட்டதோ?"

"எல்லாம் கேட்டனான்."

"அடுப்பு, ஃபான் சத்தத்துக்குள்ளயோ?"

"ஃபானை நான் போடுறேல்லை, ஆலிமா. நீங்க வாசிக்கத் தொடங்க நிப்பாட்டிப் போடுவன்."

ஆலிமா குனிந்து என் கொப்பியைப் புரட்டினார். ஒரு பக்கம், மறு பக்கம், அடுத்த பக்கம். பத்துப் பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்தில், சிவப்பு மையில், அது இருந்தது.

"லாத்தா, பத்து நாளும் நீங்களே எழுதியிருக்கிறீங்கள்," என்றார்.

நான் எழுதிய முறைப்பாடுதான் அவளுக்குச் சாட்சி. அவள் புகையில் கண் எரிந்து நின்றதை நான் கறி மணம் என்று பதிந்திருக்கிறேன்.

ஆலிமா அத்தோடு விடவில்லை. சோதித்துப் பார்த்தார். ஐந்தாம் சனிக்கிழமை வாசித்தது என்ன என்று கேட்டார். அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, வழியில் கிடக்கும் தொல்லையை எடுத்துப் போடுவதும் தர்மம் என்று வருகிற ஹதீஸைச் சொன்னாள். அதைச் சொன்னவர்களின் பெயர்களை, ஒருவரிடமிருந்து ஒருவர் என்று, வரிசையாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள்.

"அண்டைக்கு நீங்க நாலாவது ஆளின்ர பேரை விட்டிட்டு வாசிச்சனீங்கள். பிறகு திரும்பி வந்து சேர்த்து வாசிச்சனீங்கள்."

ஆலிமாவின் முகம் மாறியது. "ஓம். விட்டனான். வேற ஆருக்காவது அது விளங்கினதோ?"

ஒருவருக்கும் விளங்கியிருக்கவில்லை. ஆலிமா என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது. கொப்பியில் ஐந்தாம் சனிக்கிழமைப் பக்கம் திறந்திருந்தது. அந்த நேரத்துக்கு நேரே நான் எழுதியிருந்தது இதுதான்: மூன்றாம் வரிசையில் இருவர் கல்யாண ஹோல் வாடகை பற்றிக் கிசுகிசு, நான்கு நிமிடம். அந்த ஹோலின் வாடகை இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாசித்த ஹதீஸ் ஞாபகம் இல்லை.

"இப்ப சொல்லுங்கோ," என்றார் ஆலிமா அவளிடம். "இவ கேட்டவவோ?"

அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு தரம் நான் ஏலாது என்று திருப்பி அனுப்பியவள். பழி வாங்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல நேரம் கிடையாது. எனக்காகப் பொய் சொல்லி என்னைத் தனக்குக் கடமைப்படுத்த வேண்டுமென்றாலும் இதைவிட நல்ல நேரம் கிடையாது. அவள் இரண்டையும் செய்யவில்லை.

"இருந்தவ, ஆலிமா. பத்து நாளும் ஒரு நிமிசம் பிந்தாமல் வந்து இருந்தவ. கேக்கேல்லை."

முதலில் வந்தது கோபம்தான். காதுமடல் சுட்டது. முன்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள், அது யார் என்று பார்க்க என் கண் தானாகவே திரும்பியது. அந்தத் திருப்பலில் நான் என்னையே கண்டுகொண்டேன். கோபம் அப்படியே வெட்கமாக மாறியது. பத்துச் சனிக்கிழமை நபியவர்களின் சொல் என் தலைக்கு மேலால் போயிருக்கிறது, நான் துப்பட்டிகளின் நிறத்தைக் குறித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆலிமா கொப்பியை என்னிடமே நீட்டினார். எழுதுகிறவள் நான்தானே. அவள் பெயரைக் கேட்டு எழுதினேன். பத்து வாரம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன், முழுப் பெயர் அன்றுதான் தெரிந்தது. கிச்சினில் நின்று முழுவதும் கேட்டார் என்று எழுதினேன். அதற்குக் கீழே என் பெயர். சமுகமளித்தார், கேட்கவில்லை. சாட்சி யார் என்ற இடத்தில் மறுபடி அவள் பெயர். எழுத்து நேராகத்தான் இருந்தது.

அவளுடைய இஜாஸாவைக் கட்டடக் கொமிற்றி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்ததாம். கிச்சினிலிருந்து கேட்டதாக எழுதியிருக்கிறதே, இது வகுப்பில் படித்ததற்குச் சமமா என்று ஒரு கூட்டம் வைத்து ஆராய்ந்ததாம். கடைசியில் தாளில் முத்திரை இருப்பதைக் கண்டு ஒப்புக்கொண்டார்களாம். ரீவீயைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள்.

தவறவிட்டவர்கள், முழுவதும் கேட்ட ஒருவரிடம் போய் மறுபடி கேட்டால் குறை தீரும் என்று ஆலிமா சொல்லியிருந்தார். முழுவதும் கேட்டவர் என்று பட்டியலில் இருந்தது ஒரே ஒரு பெயர். விட்பி லாத்தா அதைவிட ஃபிரேம் வெறுமையாகக் கிடக்கட்டும் என்று முடிவெடுத்துவிட்டார். எனக்கு மனம் வர மூன்று வாரம் பிடித்தது. போனை எடுப்பேன், வைப்பேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டேன்.

"தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை நான் வந்து இருக்கலாமோ? பிள்ளையளோட பிள்ளையா."

"வாங்கோ, லாத்தா. பேனை கொண்டு வராதேங்கோ."

நான் வெறுங்கையோடு போய், பபிள்கம் சப்புகிற ஒரு ஏழு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னார்ப் பெண் முதலாவது ஹதீஸை வாசிக்கத் தொடங்கினாள்.